எட்டு பைட் செய்யும் வேலை

சில இணைய இணைப்புகளில் விநோதமான ஒரு கோளாறு வரும். ‘பிங்’ அனுப்பினால் உடனே பதில் கிடைக்கும். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்து சின்னக் கட்டளை கொடுத்தால் அதுவும் வேலை செய்யும். நீளமான கோப்புப் பட்டியலைக் கேட்டதும் திரை அப்படியே நின்றுவிடும். கேபிள் பழுதென்றால் சின்னதும் பெரியதும் சேர்ந்தே தடுமாறும். பெரிய பாக்கெட் மட்டும் தொலைகிறதென்றால் காரணத்தை அளவில்தான் தேட வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட் வரை போகலாம். ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போனால் தரவுக்கு மிஞ்சுவது 1460. இணைப்பு தொடங்கும்போதே இரு கணினிகளும் ‘இதற்குமேல் பெரிதாக அனுப்பாதே’ என்று இந்த எண்ணை ஒன்றுக்கொன்று சொல்லிவிடுகின்றன. ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது தத்தம் வாசலின் அகலம் மட்டுமே. நடுவழியில் டிஎஸ்எல் இணைப்பின் பிபிபிஓஇ முறை தனக்கென 8 பைட் எடுத்துக்கொண்டால், அங்கே 1492 பைட்டுக்கு மேல் நுழையாது. விபிஎன் இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கு 1990இலேயே வழி வகுத்தார்கள். ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு பாக்கெட் போகும். அது நுழையாத இடத்தில் ரவுட்டர் அதைக் கைவிட்டு, தாங்கும் அளவைக் குறிப்பிட்டு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். பாதுகாப்புக்காக என்று பல ஃபயர்வால்களில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடுகிறார்கள். செய்தி வந்து சேராததால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே அளவைத் தொடக்கத்திலேயே குறைத்துவிடுவதுதான் சரி என்பேன். வீட்டு ரவுட்டர், கடந்துபோகும் முதல் பாக்கெட்டில் 1460 என்றிருப்பதை 1452 என்று மாற்றி, சரிபார்ப்புத் தொகையையும் திருத்தி அனுப்புகிறது. லினக்ஸில் இதற்கு ஒரு வரி விதி போதும். இரு முனைகள் பேசிக்கொள்வதில் இடையாள் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் ரவுட்டர் தரவைத் தொடுவதில்லை. உச்சவரம்பைக் குறைக்குமே தவிர, ஒருபோதும் கூட்டாது. வேகம் குறையுமே என்றால், 1460இல் 8 பைட் என்பது அரை விழுக்காடுதான்; பாதியில் நின்றுபோகும் இணைப்போடு ஒப்பிட்டால் இது பெரிய விலையே இல்லை. ரவுட்டரே பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்பலாமே என்ற யோசனையும் எடுபடாது. ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் வீண். இந்தத் தீங்கை 1987இலேயே கென்ட், மோகல் இருவரும் விரிவாக எழுதிக் காட்டினார்கள். ஐபி ஆறாம் பதிப்பில் ரவுட்டர்கள் துண்டாக்குவதே இல்லை.

ஒரு குறையை மட்டும் மறுப்பதற்கில்லை. இந்த வைத்தியம் டிசிபிக்கு மட்டுமே பலிக்கும். யுடிபியில் இப்படி அளவைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதன்மேல் ஓடும் குவிக், 1200 பைட் போன்ற அடக்கமான அளவில் தொடங்கித் தானே சோதித்துக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே ஃபயர்வாலைப் பராமரிப்பவர்கள் ரவுட்டரில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததோடு நின்றுவிடாமல், ‘பாக்கெட் பெரிது’ என்று சொல்லும் ஐசிஎம்பி செய்திக்காவது வழிவிட வேண்டும்.