இருட்டறையில் ஒளியை அளத்தல்

படச்சுருளில் எடுக்கப்படும் கருப்பு வெள்ளை நிழற்படம் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் ஒளிப்படக் கருவியிலுள்ள சுருளில் காட்சி பதிவாகிறது. கழுவியெடுத்த சுருளில் வெளிச்சமான பகுதிகள் கருமையாகவும், இருண்ட பகுதிகள் தெளிந்தும் தோன்றும். இதனையே நெகட்டிவ் என்பர். பின்னர் இருட்டறையில், உருப்பெருக்கியின் விளக்கொளியை நெகட்டிவின் ஊடே செலுத்தி, ஒளியுணர் தாளின்மீது விழச் செய்வர். அப்போது ஒளியும் இருளும் மீண்டும் இடம் மாறி, இயல்பான காட்சி கிடைக்கிறது.

எனினும், ஒரே நெகட்டிவிலிருந்து வெவ்வேறு தோற்றமுடைய படங்களைப் பெறலாம். ஒருவரது முகம் தெளிவாகத் தெரிவதும் இருளில் மறைவதும் அச்சிடுபவர் எடுக்கும் இரண்டு முடிவுகளைப் பொறுத்தவை.

ஒளிபடு நேரம்

தாளின்மீது ஒளி அதிக நேரம் பட்டால் படம் கருக்கும். குறைந்த நேரம் பட்டால் வெளிறும். தகுந்த நேரத்தை அறியச் சோதனைத் துண்டு உதவுகிறது. ஒரு துண்டுத் தாள் முழுவதும் 5 வினாடி ஒளி விழச் செய்து, பின்னர் அட்டையால் சிறிது சிறிதாக மறைத்துக்கொண்டே மும்முறை 5 வினாடி ஒளி தருவர். இதனால் 5, 10, 15, 20 வினாடி ஒளி பெற்ற நான்கு பட்டைகள் கிடைக்கும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் எந்தப் பட்டையில் வெளிறாமலும் கருக்காமலும் தெரிகின்றனவோ, அதுவே உரிய நேரம்.

ஒளி-இருள் வேறுபாடு

அடுத்து, இருண்ட பகுதிகளை நோக்க வேண்டும். கருங்கூந்தல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வேறுபாடு போதவில்லை என்று பொருள். கூந்தலின் இழைகள் தெரியாமல் ஒரே கருமையாக இருந்தால் வேறுபாடு மிகுதி என்று பொருள். இதனைச் சீர்செய்யத் தாள்கள் பொதுவாக 0 முதல் 5 வரை தரப்படுத்தப்பட்டுள்ளன. 2 என்பது நடுத்தரம். எண் கூடக் கூட வேறுபாடும் கூடும். மேகமூட்டத்தில் எடுத்த நெகட்டிவுக்கு உயர்ந்த எண்ணும், உச்சி வெயிலில் எடுத்ததற்குக் குறைந்த எண்ணும் பெரும்பாலும் பொருந்தும். பல்தரத் தாளாயின் மெஜந்தா வடிகட்டி வேறுபாட்டைக் கூட்டும்; மஞ்சள் வடிகட்டி குறைக்கும். தரத்தை மாற்றினால் நேரத்தையும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இங்குப் பொறுமை இன்றியமையாதது. சிவப்பு விளக்கொளியில் படம் உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும். அதைக் கண்டு அஞ்சி, டெவலப்பர் கரைசலிலிருந்து தாளை உரிய நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் படம் மங்கிப்போகும்.

ஒரு சான்று

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவெழும் காட்சியை 1941இல் படமெடுத்தார். அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதி செறிவு குறைந்திருந்ததால், 1948இல் அதை வேதிப்பொருளால் வலுப்படுத்தினார். அச்சிடுகையில் வானப் பகுதிக்குக் கூடுதல் ஒளி தந்தார். தொடக்ககாலப் படிகளில் வானில் மேகங்கள் தெரிகின்றன. பிற்காலப் படிகளில் வானம் ஏறக்குறைய முழுக் கருமையாக உள்ளது. நெகட்டிவ் ஒன்றே, முடிவுகள் வேறு.

நெகட்டிவில் பதியாத ஒன்றை எந்தத் தாளாலும் தர இயலாது. ஆனால், பதிந்த ஒன்று கவனக்குறைவால் படத்தில் வராமல் போகக்கூடும். வீட்டுப் பழம்பெட்டியிலுள்ள குடும்பப் படத்தில் ஒருவர் முகம் இருண்டிருந்தால், அதன் நெகட்டிவை எறிந்துவிடக் கூடாது. நேரத்தையும் தரத்தையும் மாற்றி மீண்டும் அச்சிட்டால், அம்முகம் வெளிப்படலாம்.

சிந்தித்து விடை எழுதுக

1. சோதனைத் துண்டு எவ்வாறு உருவாக்கப்படுகிறது?
2. கருங்கூந்தல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் எவ்வகைத் தாளைத் தேர்ந்தெடுப்பீர்?
3. பழைய நெகட்டிவுகளை ஏன் பாதுகாக்க வேண்டும்?