வேலி தாண்டும் தேசி நோய்

மாரி மழைக்குப் பிறகு தேசி துளிர்க்கும். அப்போது ஒரு முற்றிய இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் ஒரேமாதிரி மஞ்சளித்திருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு, பசளையிட்டால் தேறும். மஞ்சள் திட்டுகள் ஒரு பக்கத்தில் ஒருவிதமும் மறுபக்கத்தில் வேறுவிதமுமாக இருந்தால் கிரீனிங் நோயோ என்று ஐயப்படுங்கள். காய் கோணிச் சிறுக்கும். பழுத்தாலும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும்.

இது பக்டீரியா நோய். பிடித்த மரத்தைக் குணமாக்க மருந்தில்லை. நோயுள்ள மரத்தில் எடுத்த ஒட்டுக்கன்றாலும், சைலிட் என்ற 3 மில்லிமீற்றர் பூச்சியாலும் பரவும். துளிரில் தலை பதித்து, வாலைத் தூக்கியபடி சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சி கிணற்றடிக் கறிவேப்பிலையிலும் பெருகும். நீங்கள் மட்டும் பூச்சிக்கு மருந்தடித்தால், அது அயல் வளவிலிருந்து மறுபடி வந்துவிடும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2003-04 பருவத்தில் 242 மில்லியன் பெட்டி தோடம்பழம் விளைந்தது. 2005இல் இந்நோய் அங்கு கண்டறியப்பட்டது. 2022-23இல் கிடைத்தது சுமார் 16 மில்லியன் பெட்டிதான். சூறாவளிகளுக்கும் அதில் பங்குண்டு.

ஏ9 வீதியால் லொறியில் வரும் கன்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எல்லை பார்ப்பதில்லை. வாங்கும்போது கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் நடுகைப் பொருட்களுக்கும் பொருந்தும். நாற்றுமேடை பதிவுபெற்றதா, தாய்மரம் எங்கே என்று கேளுங்கள். இந்தியாவிலிருந்து அனுமதியின்றிப் பயணப்பைக்குள் கன்று கொண்டுவருவது, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவதாகும். லேபல் இல்லாத பீடைநாசினிப் போத்தலையும் வாங்காதீர்கள்.

ஐயமிருந்தால் கொப்பை முறித்து ஊரெல்லாம் கொண்டு திரியாமல், விவசாயப் போதனாசிரியரை வளவுக்கே அழையுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பேசி, துளிர்க்கும் காலத்தில் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் மருந்தடிக்க நாள் குறியுங்கள்.

நோய் உறுதியானால் மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் கோடரியை எடுப்பதற்கு முன் மருந்தடியுங்கள். அடிக்காமல் வெட்டினால், அதிலிருந்த பூச்சியெல்லாம் பக்கத்து வளவுத் தேசியில்தான் போய் உட்காரும்.