பழைய உழவு இயந்திரம் வாங்கப் போகின்றீர்களா?

உழவு மாடு வாங்கப் போகும் கமக்காரன் தனியே போவதில்லை. மாடு பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டே போவான். அவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார், நுகம் பட்ட கழுத்தைத் தடவிப் பார்ப்பார். மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்ட பின்னர் இந்த நிதானம் நம்மவரிடையே குறைந்துவிட்டது. புதுச் சிவப்பு வர்ணம் பூசி நிற்கும் பழைய இயந்திரத்தைக் கண்டதும், மனைவியின் நகையை அடகு வைத்தேனும் அதை வாங்கிவிடத் துடிப்போர் பலர். பெரும்போகத்து முதல் மழையில் அவ்வியந்திரம் வயல் நடுவே நின்றுவிடுமாயின் விதைப்பும் நின்றுவிடும்; அடகு நகையும் மீளாது.

நம் நாட்டு வயற்புறங்களில் பழைய உழவு இயந்திரம் என்றவுடன் நினைவுக்கு வருவன மசி பெர்குசன் 35, 135 என்னும் இரண்டுமே. பெர்குசன் நிறுவனமும் மசி ஹரிஸ் நிறுவனமும் 1953 இல் ஒன்றாயின. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1956 இல் 35 வெளிவரத் தொடங்கியது. 135 அதனைத் தொடர்ந்து 1964 இல் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் செய்தல் 2002 இல் முடிந்துவிட்டது. ஆயினும் அங்குப் பிறந்தவற்றுட் பல இன்றும் சேறு மிதிக்கின்றன.

டீசலில் ஓடும் 35 இல் இரு வகை உண்டு. முற்பட்டது நான்கு சிலிண்டர் கொண்ட ஸ்ராண்டர்ட் எஞ்சின் பூட்டியது. 1959 இன் பிற்பகுதியிலிருந்து மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின் பூட்டப்பட்டது. எஞ்சினுக்கு டீசல் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களை எண்ணினால் எதுவென்று விளங்கிவிடும். நான்காயின் சற்றே யோசியுங்கள். அது ஸ்ராட் ஆவதில் பிடிவாதம் காட்டுவது என்று பிறந்த நாட்டிலேயே பெயரெடுத்தது. உதிரிப் பாகமும் அரிது. மூன்று சிலிண்டர் எஞ்சினோ 135 இலும் தொடர்ந்தது. மசி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து 1960 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனமும் இவ்வினத்து உழவு இயந்திரங்களைச் செய்து வருகின்றது. எனவே பாகம் தேடி அலையும் துன்பம் இதற்குக் குறைவு.

பார்க்கப் போகும்போது காலையிலே போங்கள். இயலுமாயின் சொல்லாமலே போங்கள். போனதும் முதற் காரியம் எஞ்சின்மேற் கை வைத்துப் பார்ப்பது. சூடாயிருந்தால் விற்பவர் உங்களுக்கு முன்னரே அதனை எழுப்பிவிட்டார் என்பது பொருள். தேநீர் அருந்திக்கொண்டு அது ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஒன்றே உண்மை பேசும்.

ஆறிய பின்னர் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கலாகாது. ஒயில் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். கறுத்த ஒயிலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டீசல் எஞ்சினில் அஃது இயல்பே. பால் தேநீர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்க. அளவுக்கு மேல் ஏறி டீசல் மணம் வீசினால் எரிபொருள் உள்ளே கசிகின்றது. அடுத்து, காற்றை வடிகட்டும் ஒயிற் கிண்ணத்தைக் கழற்றி, அங்கிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயினுள் விரலை விட்டுத் துடையுங்கள். பலர் இதனைச் செய்வதேயில்லை. விரலிற் புழுதி ஒட்டினால், நம் வறண்ட நிலத்து மண் இத்தனை காலமும் சிலிண்டரை அரைத்து வந்திருக்கின்றது என்று தெளியலாம்.

ஸ்ராட் செய்தபின் புகையைப் பாருங்கள். தொடக்கத்தில் சிறிது வெண்புகை வருவது குற்றமன்று. சூடேறிய பின்னரும் நீலப் புகை நீங்காதாயின் ஒயில் எரிகின்றது. எஞ்சினைப் பிரிக்கும் நாள் தொலைவில் இல்லை. சுமை இழுக்கையில் மிகுதியாய் வரும் கரும்புகை பெரும்பாலும் காற்று வடிகட்டியிலோ டீசல் பீச்சும் முனைகளிலோ உள்ள கோளாறு. அதனைத் திருத்துவது அவ்வளவு செலவன்று.

கிளச்சைச் சோதிக்க உயர்ந்த கியரிற் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் நன்று. நில்லாமல் உறுமிக்கொண்டேயிருந்தால் தட்டுத் தேய்ந்துவிட்டது. இரட்டைக் கிளச் உள்ளவற்றில் மிதியைப் பாதி அமிழ்த்தச் சில்லு நிற்கும். முழுதும் அமிழ்த்தப் பின்புறத்துச் சுழல்தண்டும் நிற்கும். இதனைப் பழுதுபார்க்க இயந்திரத்தை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை விலை பேசும்போது மறவாதீர்கள்.

கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் அமைப்பே பெர்குசன் இயந்திரத்தின் உயிர்நாடி. வெறுங்கையைத் தூக்கிக் காட்டினால் ஏமாறாதீர்கள். கனமான கலப்பையைப் பூட்டித் தூக்கச் சொல்லி, எஞ்சின் ஓடவே நிறுத்தி வையுங்கள். அது விக்கல் எடுப்பது போல இறங்கியிறங்கி எழுமாயின் உள்ளே எங்கோ ஒயில் கசிகின்றது.

நெல் வயலில் உழைத்த இயந்திரத்துக்கெனச் சில நோய்கள் உண்டு. சேறு பின் அச்சின் ஒயிற் சீல்களை அரித்துவிடும், ஒயில் பிரேக் டிரம்மினுள் இறங்கும், பிரேக் பிடியாது. இடது வலது மிதிகளைத் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். பின் சில்லின் உட்புறத்தில் ஒயில் வழிந்த கறை உண்டா, றிம்மைக் கறள் தின்றிருக்கின்றதா என்றும் குனிந்து பாருங்கள். மணி காட்டும் மானியை நான் நம்புவதில்லை. மிதிகளின் தேய்வும், கலப்பை பூட்டும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதும் அதனினும் மெய்யான சாட்சிகள். ஒயில் கசிந்த இடத்தின்மேல் புது வர்ணம் பளபளத்தால் ஐயம் கொள்ளுங்கள்.

இனிப் பத்திரம். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது முதியோரும் குழந்தைகளும் நெல் மூட்டைகளும் உழவு இயந்திரப் பெட்டிகளிலேயே ஏற்றப்பட்டனர் என்பதை அறியாதார் இலர். இயந்திரத்தை இழந்தோரும், இயந்திரம் எஞ்சப் பத்திரத்தை இழந்தோரும் பலர். ஆகவே பத்திரம் இல்லை என்பவரையெல்லாம் கள்வர் என்று கொள்ளுதல் பாவம். ஆயினும் உங்கள் பணம் உங்கள் குடும்பத்தினது. இயந்திரத்திற் பொறித்துள்ள எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருப்பின் அது பதிவாகியிருத்தல் வேண்டும். நிதிக் கம்பனி ஒன்றின் உரிமை இன்னும் அதன்மேல் இருக்கின்றதா என்பதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றப் படிவம் கையொப்பத்தோடு உங்கள் கைக்கு வரும்வரை மீதிப் பணம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.