உங்களுக்குத் தெரியுமா? கடைசி ஓடத்தில் நால்வர் மட்டும்!

அமெரிக்க விண்வெளி ஓடங்களில் பெரும்பாலும் ஆறேழு பேர் போவார்கள். 2011 ஜூலை 8 அன்று கிளம்பிய கடைசி ஓடமான அட்லாண்டிஸில் நால்வர்தான். காரணம், பழுதானால் மீட்டுவர இன்னொரு ஓடம் தயாராக இல்லை. விண்வெளி நிலையத்திலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஒவ்வொருவராகத் திரும்பியிருக்க வேண்டும். அதற்காகவே நால்வருக்கும் உடம்பை அளவெடுத்து, சோயுஸ் இருக்கைக்கு அச்சு வார்த்து வைத்திருந்தார்கள். நல்லவேளை, தேவைப்படவில்லை. ஜூலை 21, விடியும் முன்பே புளோரிடாவில் தரையிறங்கியது. 30 ஆண்டு ஓட்டம் முடிந்தது.

1981இல் முதல் ஓடத்தில் பறந்த சிறு கொடியொன்றை அந்த நால்வரும் விண்வெளி நிலையத்தில் விட்டுவந்தார்கள், அமெரிக்க மண்ணிலிருந்து அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஒன்பது ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 2020இல் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் போய் அதை எடுத்துவந்தவர்களில் ஒருவர் டக் ஹர்லி. அட்லாண்டிஸின் கடைசிப் பயணத்தில் விமானியாக இருந்தவரும் அவரேதான்!