பள்ளி தொடங்கும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

தமிழ்நாட்டின் எந்தக் கிராமச் சாலையிலும் காலை 7 மணி முதல் 9 மணி வரை நின்று பார்த்தால் ஒரு வரிசை புலப்படும். முதலில் வருபவை தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள். சிபிஎஸ்இ பள்ளிகளும் மெட்ரிக் பள்ளிகளும் பெரும்பாலும் 8 மணியிலிருந்து 9 மணிக்குள் வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. அடுத்து, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவர்கள் பேருந்துக்காகக் கூடுகிறார்கள். அவர்களுடைய பள்ளி பொதுவாக 9 மணிக்கும் 9.30க்கும் இடையில் தொடங்கும். கடைசியாக, அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைகள். பார்வைக்கு இது வெறும் நிர்வாக ஏற்பாடு. ஆனால் வேன் ஊர்த்தெருவில் வாசலுக்கு வந்து நிற்கிறது. பேருந்து காலனிக்குள் வருவதில்லை.

பள்ளி நேரம் குறித்து அண்மைக் காலத்தில் எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் உறக்கத்தைப் பற்றியவை. பருவ வயதில் உடலின் கடிகாரம் பின்தள்ளிப் போவதால் நடுநிலை, உயர்நிலை வகுப்புகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் 2019இல் இதற்கெனச் சட்டம் இயற்றி 2022இல் நடைமுறைப்படுத்தியது. மகாராட்டிர அரசு, நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகள் 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. வேனில் உறங்கியபடி பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் துன்பமும் உண்மையானதே. ஆயினும், இந்த அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், 9.15க்குத் தொடங்கும் அரசுப் பள்ளிதான் குழந்தைக்கு உகந்தது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பள்ளி வாயிலில் எழுதியிருக்கும் நேரமும் குழந்தையின் நாள் தொடங்கும் நேரமும் ஒன்றல்ல.

விவசாயக் கூலி வேலைக்குச் செல்லும் தாய் நடவு நாட்களில் விடியும்போதே கிளம்பிவிடுகிறார். தண்ணீர் பிடிப்பதும், தம்பி தங்கையை எழுப்பி அனுப்புவதும் மூத்த பெண் பிள்ளையின் பொறுப்பாகின்றன. பிறகு காலனியிலிருந்து முதன்மைச் சாலைக்கு நடை. அங்கே 8.10க்கு ஒரு நகரப் பேருந்து. அதைத் தவறவிட்டால் அடுத்தது 9.20க்கு என்ற நிலை பல வழித்தடங்களில் உள்ளது. அரசு தரும் இலவசப் பயண அட்டை கட்டணத்தை நீக்குகிறதே தவிர, பேருந்தின் நேரத்தை மாற்றுவதில்லை. அந்த நேரத்தைப் போக்குவரத்துக் கழகம் முடிவு செய்கிறது. பள்ளி நேரத்தைக் கல்வித் துறையும் தலைமை ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். இவ்விரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியதாக நான் கேள்விப்பட்ட பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடைவெளி மிகக் கூர்மையாகத் தெரிவது 10, 12ஆம் வகுப்புகளில். பாடவேளை அட்டவணையில் இல்லாத ‘சிறப்பு வகுப்பு’ பல பள்ளிகளில் காலை 8 மணிக்கோ 8.30க்கோ தொடங்குகிறது, மாலையில் மீண்டும் ஒன்று. பள்ளிக்கு அருகில் வசிப்பவரும், இருசக்கர வாகனத்தில் தந்தை கொண்டுவந்து விடுபவரும் இரண்டிலும் இருப்பார்கள். 8.10 பேருந்தை நம்பியிருக்கும் மாணவி காலை வகுப்பின் பாதியை இழப்பாள். மாலை வகுப்பு முடிந்து, அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து, இருட்டில் காலனிச் சாலையில் தனியே நடக்க நேர்வதால் வீட்டார் அதையும் நிறுத்தச் சொல்வார்கள். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவள் பெயர் ஏறும். அந்தப் பட்டியலில் பேருந்து நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

காலம் என்பது சாதியற்றது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. இம்மண்ணின் கல்வி வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தை நாம் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் உடனடி வடிவம் பள்ளி நேர மாற்றம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 3 மணி நேர வகுப்பு. மாணவர்கள் இரு பிரிவாக மாறி மாறி வருவார்கள். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் கூடுதல் குழந்தைகளைச் சேர்க்க இதுவே வழி என்று நியாயம் கூறப்பட்டது. அந்தப் பற்றாக்குறைக்கான விலையை நகரப் பள்ளிகள் கொடுக்கவில்லை. கிராமக் குழந்தைகளின் நேரமே கொடுக்கப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் உண்டு. பகலில் உழைப்பவர்களுக்காக 1855இல் புணேயில் புலே இணையர் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே பள்ளியின் நேரம் கற்போரின் வாழ்க்கையைக் கேட்டு அமைந்தது.

இன்றைய சட்டம் இதில் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டம், 2009 எந்த இடத்திலும் பள்ளி தொடங்கும் நேரத்தை நிர்ணயிக்கவில்லை. அதன் அட்டவணை குறைந்தபட்ச அளவை மட்டுமே கூறுகிறது: 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம், 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு முறையே 4 மணி நேரமும், ஏறத்தாழ நாலரை மணி நேரமும்தான். நமது பள்ளிகள் இதைவிடக் கூடுதலாகவே இயங்குகின்றன. ஆகவே, பேருந்துக்கு ஏற்பத் தொடக்கத்தைக் கால் மணியோ அரை மணியோ நகர்த்தினால் சட்டம் மீறப்பட்டுவிடும் என்று கூறும் அலுவலரிடம் இந்த அட்டவணையைக் காட்டலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேரம் தவறாமை என்ற கடமையை இச்சட்டம் குழந்தையின் மீது சுமத்தவில்லை. 24ஆம் பிரிவு அதை ஆசிரியரின் கடமையாகவே வகுக்கிறது. தாமதமாக வந்த மாணவரை வெயிலில் நிறுத்துவதும், இறைவணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் பெயர் சொல்லி அவமதிப்பதும் 17ஆம் பிரிவு தடைசெய்துள்ள உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் ஆகியவற்றுக்குள் வரும். நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமலும், எக்காரணத்தாலும் கல்வியைத் தொடர்வதிலிருந்து தடுக்கப்படாமலும் பார்த்துக்கொள்வதை 8, 9ஆம் பிரிவுகள் அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் கடமையாக வைத்துள்ளன. ‘எக்காரணத்தாலும்’ என்பதில் பேருந்து நேரமும் அடங்கும் என்பது என் வாதம். இச்சட்டத்தின் வரம்பு 14 வயதோடு முடிந்துவிடுவது பெருங்குறை. 10, 12ஆம் வகுப்புச் சிறப்பு வகுப்புகளை எதிர்கொள்ள அரசமைப்புச் சட்டத்தின் 14, 46ஆம் உறுப்புகளையே நாட வேண்டியிருக்கிறது.

தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டின் கீழ் சேரும் குழந்தைகளின் நிலை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 8.15க்குத் தொடங்கும் பள்ளிக்கு வேன் இன்றிச் செல்ல முடியாது. வேன் கட்டணமோ பெற்றோரின் தலையில் விழுகிறது. இடம் இலவசம், நேரத்துக்குப் போய்ச் சேர்வது இலவசமல்ல.

அரசு நினைத்தால் குழந்தையின் காலையைக் கணக்கில் கொள்ள முடியும் என்பதற்குக் காலை உணவுத் திட்டம் சான்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. வேலைக்குக் கிளம்பிவிட்ட தாயின் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, முதல் மணிக்கு முன்பே சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்த திட்டம் அது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்துதான் பள்ளி தொலைவாகிறது, பேருந்து தேவைப்படுகிறது, சில ஆண்டுகளில் சிறப்பு வகுப்பும் சேர்கிறது. வெறும் வயிற்றோடு 8 மணிக்கு வந்து அமரும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு மதியம் வரை எதுவும் இல்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அவர்களில் நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடமும், குழு முழுவதிலும் பாதி பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. காலனிப் பெற்றோர் அக்குழுவில் உண்மையாகவே அமர்ந்திருக்கிறார்களா, கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்தப் பேருந்தில் எத்தனை மாணவர்கள், எந்த நேரத்தில் வந்து சேர்கிறார்கள் என்று இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்துவைப்பது கல்லூரி மாணவர்களால் எளிதில் முடியும் வேலை. வருகைப் பதிவேட்டின் நகலையும், வழித்தடத்தின் கால அட்டவணையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பதிவேட்டைக் கேட்கும்போது மாணவர் பெயர்களை மறைத்துத் தரும்படி கேளுங்கள். இல்லையெனில் அதையே காரணம் காட்டி மனுவை நிராகரிப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, கிராம சபையிலும் பதிவு செய்து, மாவட்ட ஆட்சியருக்கும் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கும் ஒரே நாளில் மனு அளியுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க அப்போது இடம் குறையும். பதில் வராவிட்டால், அந்த நோட்டும் தீர்மானமும் மனுவின் ஒப்புகைச் சீட்டும் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ரிட் மனுவின் இணைப்புகளாகும்.