ஜெல் மெனிக்யூர் வீட்டிலேயே போடுறீங்களா? தோலில் ஒரு சொட்டுகூட படக் கூடாது... ஏன்?

கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி... எந்த விசேஷமாக இருந்தாலும் புடவைக்கு மேட்சாக நகமும் பளபளக்க வேண்டும் என்பது இப்போது பலருடைய ஆசை. சாதாரண நெயில் பாலிஷ், நாலு நாள் பாத்திரம் துலக்கினால் ஓரத்தில் உரிய ஆரம்பித்துவிடும். ஜெல் பாலிஷ் அப்படியல்ல. சரியாகப் போட்டால் இரண்டு வாரம் வரை மின்னும். பார்லருக்கு அடிக்கடி செலவு செய்ய முடியாதவர்கள், குட்டி விளக்கும் நாலைந்து பாட்டில்களும் சேர்ந்த கிட்டை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

செய்யலாம், தப்பில்லை. ஆனால், அழகாக வருகிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஜெல் உங்கள் தோலில் படுகிறதா, இல்லையா?

காய்வதில்லை... கெட்டியாகிறது!

சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் திரவம் காற்றில் ஆவியாகிவிடும். மிச்சமிருக்கும் நிறம் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெல் பாலிஷ் காற்றில் காயாது. அதில் இருப்பவை அக்ரிலேட் வகையைச் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள். விளக்கின் ஒளி பட்டதும் அவை ஒன்றோடொன்று கைகோத்து, கெட்டியான பிளாஸ்டிக் படலமாக மாறுகின்றன. பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டுவாரே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

முழுதாகக் கெட்டியான ஜெல்லால் பெரிய தொந்தரவு இல்லை. கெட்டியாகாத ஜெல் தோலில் படும்போதுதான் பிரச்னை. அந்தச் சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள் எளிதாக நுழைந்துவிடும். அவற்றில் முக்கியமானது 'ஹெமா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரசாயனம்.

ஒருமுறை வந்தால் போகாது

முதல் தடவை தோலில் பட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். அலர்ஜியின் குணமே அதுதான். ஐந்தாவது தடவையோ, பத்தாவது தடவையோ உடல் அந்த ரசாயனத்தை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். அதன் பிறகு கொஞ்சம் பட்டாலே நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளங்கள், விரல் நுனியில் வெடிப்பு என வரிசையாக வரும். சிலருக்கு நகமே சதையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். கைபட்ட இடமெல்லாம் பரவி, கண் இமையிலும் முகத்திலும் தடிப்பு வருவதும் உண்டு.

இந்த அலர்ஜி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். பல் அடைக்கும் பொருள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எலும்பை ஒட்டவைக்கும் சிமென்ட், சர்க்கரை நோயாளிகள் உடலில் ஒட்டிக்கொள்ளும் சில குளுக்கோஸ் சென்சார்கள்... இவற்றிலும் அக்ரிலேட் குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. இருபது வயதில் நகத்தால் வந்த அலர்ஜி, அறுபது வயதில் மூட்டு சிகிச்சைக்குச் சிக்கலாக வந்து நிற்கலாம்.

அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012-ம் ஆண்டின் முக்கிய அலர்ஜிப் பொருளாக அக்ரிலேட்டை அறிவித்தது. பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல், குறிப்பாக வீட்டில் போடும் ஜெல் கிட்கள் குறித்து எச்சரித்தது. ஹெமா உள்ள நகப் பொருள்களில் 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வாசகம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் விதி கொண்டுவந்தது. ஜெல் கெட்டியாக உதவும் டி.பி.ஓ என்ற ரசாயனத்துக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையும் இருக்கிறது. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் இனப்பெருக்க பாதிப்பு தெரிந்ததே அதற்குக் காரணம்.

வாங்கும்போது...

பொருள்களின் பட்டியல் அச்சிடப்படாத பாட்டிலை வாங்காதீர்கள். 'ஹெமா இல்லாதது' என்று எழுதியிருந்தால் நல்லதுதான். ஆனால், அதில் வேறு அக்ரிலேட்கள் இருக்கும். அதனால் கவனம் குறையக் கூடாது. ஜெல்லும் விளக்கும் ஒரே கம்பெனியுடையதாக இருப்பது முக்கியம். விளக்கின் ஒளி அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டால் மேலே கெட்டியாகி, உள்ளே அரைவேக்காடாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியாது.

போடும் முறை

1. நகத்தை வெட்டி, ஃபைலால் ஓரத்தைச் சீராக்குங்கள். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் தடுப்பதே அதுதான். வெட்டினால் நகச்சுத்து வரும். வெந்நீரில் நனைத்து, மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும்.

2. கையை நன்றாக உலரவிட்டு, நகத்தின் எண்ணெய்ப் பசையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

3. பேஸ் கோட், கலர், டாப் கோட்... மூன்றையும் மெல்லிசாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் ஒளி அடிவரை போகாது. ஒவ்வொரு பூச்சுக்கும் பாட்டிலில் சொன்ன நேரம் முழுக்க விளக்கில் காட்டுங்கள்.

4. நகக்கண்ணிலிருந்து ஒரு நூல் அளவு இடைவெளி விட்டே பூசுங்கள். தோலில் பட்டுவிட்டால், விளக்கில் காட்டுவதற்கு முன்பே ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்துவிடுங்கள். இடது கையால் வலது கைக்குப் போடும்போது கை நடுங்கும். அந்தக் கைக்கு மட்டும் வீட்டில் யாரையாவது போட்டுவிடச் சொல்லலாம்.

5. கட்டைவிரலைத் தனியாகக் காட்டுங்கள். மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து வைத்தால் அது சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் ஒளி படாது.

6. கடைசியில் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் நின்றால், அது கெட்டியாகாத ஜெல். விரலால் தடவிப் பார்க்காமல், ஆல்கஹால் பஞ்சால் துடைத்தெடுத்துவிடுங்கள்.

விளக்கு ஆபத்தா?

எல்.இ.டி விளக்கு என்றால் புற ஊதாக் கதிர் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜெல்லுக்கான இரண்டு வகை விளக்குகளிலும் அது உண்டு. 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் 2023-ல் வெளியான கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வில், இந்த விளக்கொளியில் தொடர்ந்து 20 நிமிடங்கள் வைத்த செல்களில் 20 முதல் 30 சதவிகிதம் வரை இறந்தன. அது ஆய்வகத் தட்டில் இருந்த செல்களில் நடந்தது. வீட்டில் சில நிமிடங்கள் கை வைப்பதால் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீனைக் கையில் தடவுவதும், விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை போடுவதும் எளிய பாதுகாப்பு. நகத்தில் மட்டும் கிரீம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிய்க்காதீர்கள்!

ஓரம் தூக்கியதும் பல்லால் கடித்தோ, இன்னொரு நகத்தால் நெம்பியோ உரிப்பது பலருக்குப் பழக்கம். ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அது முழுதாகப் புதுப்பிக்க ஆறு மாதம் ஆகும். மேல் பளபளப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியம் ஃபாயிலால் 10 முதல் 15 நிமிடங்கள் சுற்றிவையுங்கள். ஜெல் தானாகத் தளரும். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்படியிலோ, விளக்கேற்றிய பூஜை அறையிலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம். பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

காலுக்குப் போடும்போது

கால் நகம் இன்னும் மெதுவாக வளரும். முழுதாக மாற ஓராண்டுக்கு மேல் ஆகும். நகம் மஞ்சளாகவோ, தடித்தோ இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதன் மேல் ஜெல் பூசி மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால், ஆசையாகப் பெடிக்யூர் செய்துவிடுவதற்கு முன் யோசியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. பித்தவெடிப்பை பிளேடால் சுரண்டும்போது கீறினாலும் வலிக்காது. சின்னக் கீறலே ஆறாத புண்ணாகிவிடும். அவர்களுக்கு நகத்தை நேராக வெட்டி, பாதத்தைத் துடைத்து, கிரீம் தடவிவிட்டால் போதும். விரலிடுக்கில் மட்டும் கிரீம் வேண்டாம்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் முன்கூட்டியே ஜெல்லை எடுத்துவிடுவது நல்லது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியின் கணக்கைப் பூச்சு தவறாகக் காட்ட வைக்கலாம்.

நகத்தைச் சுற்றி அரிப்பு தொடங்கினால், வேறு பிராண்டுக்கு மாறி மறுபடி முயற்சி செய்யாதீர்கள். ஜெல்லை எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எந்த ரசாயனம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் 'பேட்ச் டெஸ்ட்' மூலம் கண்டுபிடித்துச் சொல்வார். அக்ரிலேட் அலர்ஜி உறுதியானால், பல் டாக்டரிடமும் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரிடமும் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.