படகின் குரலும் மின்கம்பியும்

கண் காணாத இடத்திற் காதே காவல் செய்கின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும் படகு ஒன்றைப் பெருமழை சூழ்ந்துகொள்கின்றது என வைத்துக்கொள்வோம். எதிரே வருவது இன்னதென்று படகோட்டிக்குத் தெரியாது. விளக்கொளியும் மழைத்திரையினுள் மங்கிவிடும். அவ்வேளையில், தான் இருக்கும் இடத்தை மற்றொரு படகுக்கு அறிவிக்கச் சிறு படகிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒலி ஒன்றே. ஆதலின், ஹோர்ன் எனப் பலரும் வழங்கும் ஊதுகருவி படகுக்கு அணியன்று. உயிர் காக்கும் சாதனங்களுள் ஒன்றாகும்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கென 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 1977இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக விதிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. 12 மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுடைய கலம் ஊதுகருவி கொண்டிருத்தல் வேண்டும். அதனிற் சிறியதும் பயன்தரும் ஒலி எழுப்ப ஏதேனும் ஒரு வழி உடையதாதல் வேண்டும். வலப்புறம் திரும்பும் இயந்திரக்கலம் ஒரு குற்றொலியும், இடப்புறம் திரும்புவது இரண்டும், இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குவது மூன்றும் எழுப்பும். பனிமூட்டத்திலும் பெருமழையிலும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக்கலம், இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இடைவெளிகளில், நான்கு முதல் ஆறு விநாடி வரை நீளும் ஒரு நெட்டொலியை எழுப்புதல் வேண்டும். 20 மீற்றருக்குக் குறைந்த கலத்தின் ஊதுகருவி ஏறத்தாழ அரைக் கடல்மைல், அதாவது 900 மீற்றருக்குச் சற்று அதிகமான தூரம், கேட்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளின் நோக்கம்.

பழைய ஹோர்னின் ஒலி தளர்ந்துவிட்டால், அதிலும் பெரியதொன்றை வாங்கிப் பழைய கம்பியிலேயே பூட்டிவிடுதல் பலரின் வழக்கம். புதியதும் முனகுமாயின் விற்றவரைக் குறை கூறுவர். பெரும்பாலும் குற்றம் கருவியில் இல்லை. அதற்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பியிலேயே உள்ளது.

ஹோர்னினுள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. மின்னோட்டம் பாயும்போது மின்காந்தம் அத்தகட்டை இழுக்கின்றது. இழுபட்ட தகடு தன் அசைவினாலேயே மின்தொடர்பைத் துண்டிக்கின்றது. உடனே அது மீண்டு தொடர்பும் பொருந்துகின்றது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ, அவ்வதிர்வே ஒலியாகின்றது. மின்னழுத்தம் குறைந்தால் காந்தத்தின் இழுவை குறையும், ஒலியும் கம்மிவிடும்.

இனிக் கம்பியின் கணக்கைப் பார்ப்போம். மின்கலவடுக்கிலிருந்து ஹோர்ன் 6 மீற்றர் தொலைவில் இருந்தால், போக்கும் வரவுமாகக் கம்பி 12 மீற்றர் நீளும். 1.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குப்பரப்புடைய செப்புக் கம்பியில் அந்நீளத்துக்குரிய தடை ஏறத்தாழ 0.14 ஓம். 4 அம்பியர் கொள்ளும் சிறிய ஹோர்னுக்கு இதனால் இழப்பு அரை வோல்ற்று மாத்திரமே. 15 அம்பியர் கொள்ளும் பெரிய ஹோர்னை அதே கம்பியிற் பூட்டினால் இழப்பு இரண்டு வோல்ற்றுக்கு மேலாகின்றது. பன்னிரண்டு வோல்ற்றில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாய் ஒழிகின்றது. கம்பியை 6 சதுர மில்லிமீற்றராகப் பருக்கச் செய்தால் அவ்விழப்பு மீண்டும் அரை வோல்ற்றாகக் குறையும்.

கணக்குக்கு அப்பால் உப்பும் உண்டு. மோட்டார் வண்டியில் உலோக உடலே மின்சாரம் திரும்பும் வழியாகின்றது. மரப்படகிலும் கண்ணாடியிழைப் படகிலும் அவ்வழி இல்லை. திரும்புவதற்கும் தனிக் கம்பி வேண்டும். அதன் முனைகளிலும் பச்சைக் களிம்பு படியும். முறுக்கிக் கட்டி நாடா சுற்றிய இணைப்பினுள் உப்புநீர் புகுந்து, வெளியே தெரியாமல் செம்பை அரித்துவிடும்.

இவற்றைக் கண்டறியும் சோதனை எளிது. ஆயின் ஒரு நுட்பம் உண்டு. ஹோர்ன் ஒலியாதபோது அதன் முனைகளுக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்தால், அரித்துப்போன கம்பியும் முழு அளவையே காட்டக்கூடும். மின்னோட்டம் இல்லாதவிடத்து அழுத்த வீழ்ச்சியும் இல்லை என்பதே காரணம். ஆதலால், ஒருவர் ஆளியை அழுத்தி ஒலிக்கச்செய்ய, மற்றொருவர் முதலில் மின்கலவடுக்கின் முனைகளிலும், பின்னர் ஹோர்னின் முனைகளிலும் வோல்ற்றுமானியை வைத்து அளத்தல் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வழியில் இழந்த அழுத்தம். அது அரை வோல்ற்றினும் மிக்கதாயின், உருகி, ஆளி, இணைப்பு, திரும்பு கம்பி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே இவ்வாறு அளந்து குற்றமுள்ள இடத்தைக் காணலாம். மின்கலவடுக்கிலேயே அழுத்தம் வெகுவாகத் தாழுமாயின், குறை அதனிடத்தது.

புதிய ஹோர்னைப் பூட்டுமுன் மின்கலவடுக்கின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் முதல் விதி. வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்புக் கம்பி கடலுக்கு ஏற்றது. பெரிய மின்னோட்டத்தை ஓட்டியின் ஆளி வரை கொண்டுசெல்லாது, இடையில் ரிலே ஒன்றைப் பொருத்தினால், ஆளியிற் பாய்வது ஓர் அம்பியரிலும் குறைந்ததாகும். பருத்த கம்பி ரிலேயினூடாக நேரே ஹோர்னுக்குச் செல்லும். ரிலேயிற் பொறி எழக்கூடுமாதலின், பெற்றோல் ஆவி தேங்கும் இடத்தில் அதனை வைத்தல் ஆகாது. ஹோர்னின் காந்தம் திசையறிகருவியின் ஊசியைத் திரிக்குமாதலின், அதற்கு அண்மையிலும் ஹோர்னைப் பூட்டலாகாது.

உருகி பற்றிய ஒரு தவறு உயிருக்கே ஆபத்தானது. பழைய உருகி அடிக்கடி எரிகின்றதென்று, கம்பியை மாற்றாமலே பெரிய உருகியை இடுவோர் உளர். உருகி காப்பது ஹோர்னையன்று, கம்பியையே. கம்பி தாங்கும் அளவை உருகி மீறுமாயின், கோளாறு நேர்கையில் உருகிக்குப் பதிலாகக் கம்பியே எரியும். கரைக்கு எட்டாத இடத்தில் படகிலே தீ மூளும். ஆதலின் முதலிற் கம்பி, அதற்கேற்ற உருகி, அவற்றுக்கேற்ற ஹோர்ன் என்பதே முறையான வரிசை. உருகியின் இடம் மின்கலவடுக்கின் அருகிலாகும்.

இவையாவும் செய்த பின்னரும், துறையை விட்டுப் புறப்படுமுன் ஹோர்னை ஒருமுறை ஒலித்துப் பார்த்தலும், மின்சாரம் வேண்டாது வாயால் ஊதும் குழல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தலும் படகோட்டியின் கடமையாகும். மழை சூழ்ந்த பின்னர்க் கம்பியைத் தேடிப் பழுது பார்க்க நேரம் கிடையாது.